சோப்பு ஊற்றிய மோல்டில் கேக் வேண்டாம்

கும்பகோணத்தில் கேக் வகுப்பு எடுக்கிறேன். பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் வருகிறார்கள். இப்போது அதிகம் பேர் கேட்பது ரப்பர் மாதிரி வளையும் சிலிக்கான் மோல்டில் (அச்சில்) செய்யும் குட்டி சாக்லேட் கேக்கைத்தான். பிறந்தநாளுக்கு வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வசதி, வெட்டும் வேலையும் இல்லை. நல்ல தொழில்தான். ஆனால் ரெசிபிக்கு இருக்கிற அக்கறை மோல்டுக்கு இருப்பதில்லை.

வகுப்புக்கு அவரவர் மோல்டை எடுத்துவரச் சொல்வேன். ஒருவர் கொண்டுவந்த ரோஜாப்பூ மோல்டை மூக்கருகே வைத்ததும் லாவெண்டர் வாசனை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஓர் இதழின் மடிப்பில் கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. ரெசின், அதாவது ஹார்டனர் கலந்து ஊற்றினால் கெட்டியாகும் செயற்கைப் பிசின். “சோப்பு, ரெசின் சாவிக்கொத்து எல்லாம் இதுலதான் ஊத்துவேன். நல்லா கழுவிட்டேனே அக்கா” என்றார்.

கழுவியிருந்தார், உண்மைதான். ஆனால் சிலிக்கான் எவர்சில்வர் கிடையாது. எண்ணெயில் கரையக்கூடிய எதுவும் அதற்குள் ஊறிவிடும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் போகாது, சூடு ஏறினால் மறுபடி வெளியே வரும். சாக்லேட் கேக்கில் வெண்ணெயோ எண்ணெயோ தாராளமாக இருக்கிறது, அது அப்படியே வாங்கிக்கொள்ளும். ரெசினும் அதில் கலக்கும் ஹார்டனரும் சாப்பாட்டுப் பக்கமே வரக் கூடாதவை. சோப்பு, மெழுகுவர்த்தி, கேக் என்று ஒருவரே எல்லாத் தொழிலும் கற்றுக்கொள்ளும்போது இந்தக் கலப்பு சுலபமாக நடந்துவிடுகிறது. தனி மோல்டு, தனி டப்பா, அவ்வளவுதான். தயவுசெய்து இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

புது மோல்டையும் வாங்கிய கையோடு பயன்படுத்த வேண்டாம். தயாரிப்பில் சரியாகப் பதப்படாத சிலிக்கானில் ஆவியாகும் பொருட்கள் மிச்சமிருக்கும். 200 டிகிரியில் 4 மணி நேரம் சூடாக்கினால் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் இப்படி வெளியேறக் கூடாது என்பது ஜெர்மனியில் உணவுப் பாதுகாப்பு அபாயங்களை மதிப்பிடும் அரசு நிறுவனமான பி.எஃப்.ஆர். வைத்திருக்கும் வரம்பு. வீட்டில் இதை அளக்க முடியாது. நான் செய்வது: கழுவித் துடைத்து, ஜன்னலைத் திறந்துவைத்து, அட்டையில் போட்டிருக்கும் சூட்டைத் தாண்டாமல் ஓடிஜியில் (கேக் சுடும் சின்ன மின்சார அடுப்பில்) காலியாக ஒரு மணி நேரம் வைப்பேன். அப்புறமும் ரப்பர் நாற்றம் அடித்தால் அது எனக்கு வேண்டாம். முறுக்கிப் பார்த்து வெள்ளையாகத் தெரிந்தால் கலப்படம் என்பார்கள். அதை மட்டும் நம்பி நான் முடிவெடுப்பதில்லை. உணவுக்கு உகந்தது என்ற குறிப்பும் எத்தனை டிகிரி தாங்கும் என்ற எண்ணும் இல்லாத மோல்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

என்னை அதிகம் பயமுறுத்துவது குக்கர் கேக்தான். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, அதற்குள் மோல்டை மடக்கித் திணிக்கிறார்கள். பல மோல்டுகள் தாங்குவது 220, 230 டிகிரிவரைதான். தண்ணீர் இல்லாத குக்கரின் அடி அதைத் தாண்டிவிடும். உயரமான ஸ்டாண்டு, அதன்மேல் தட்டு, அதற்கும் மேலேதான் மோல்டு. பக்கவாட்டிலும் குக்கரைத் தொடக் கூடாது. ஆறு குழி மோல்டு கொள்ளாவிட்டால் தனித்தனிக் கிண்ண மோல்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓடிஜி என்றால் நடுத்தட்டில், உலோகத் தட்டின்மேல் வைத்து, 170 டிகிரி. முக்கால் குழிக்கு மேல் மாவு வேண்டாம். சாக்லேட் கேக் கருகினாலும் நிறத்தில் தெரியாது என்பதால் பத்தாவது நிமிடத்திலிருந்து டூத்பிக் குத்திப் பாருங்கள். பெரும்பாலும் 12 முதல் 15 நிமிடத்துக்குள் வெந்துவிடும். எடுத்ததும் கவிழ்த்தால் இதழெல்லாம் உள்ளேயே தங்கிவிடும், பத்து நிமிடம் ஆறட்டும். ஒட்டியதைக் கத்தியால் சுரண்டாதீர்கள், கீறலில் கொழுப்பு தங்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தோடு மோல்டுகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வெந்நீரில் கழுவி, கவிழ்த்து முழுசாக உலரவிட்டு அடுக்குங்கள். சிக்கு வாடை போகாத மோல்டு, பிசுபிசுக்கிற மோல்டு, விளிம்பு கிழிந்தது, எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். தூக்கிப் போடுமுன் கத்தரியால் இரண்டாக வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நன்றாகத்தானே இருக்கிறது என்று வேறு யாராவது எடுத்துப்போய் அதிலேயே கேக் சுடுவார்கள்.