சிவப்பாகத் தெரியும் தேயிலை

தரம் 10 புவியியல் வகுப்பில் செய்மதிகளைப் பற்றி முன்பெல்லாம் ராக்கெட்டிலிருந்துதான் தொடங்குவேன். 2019இல் விண்ணுக்குப் போன நம் நாட்டின் முதல் செய்மதி ராவணா-1, ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான் என்றும், இலங்கைப் பொறியியலாளர்கள் இருவர் ஜப்பானில் அதை உருவாக்கினார்கள் என்றும் சொன்னால் பிள்ளைகளின் கண்கள் விரியும். மணி அடித்ததும் எல்லாம் மறந்துபோகும். வானத்தில் நடக்கும் ஒன்றுக்கும் தங்கள் தோட்டத்துக்கும் என்ன உறவு என்பதை நான் அவர்களுக்குக் காட்டவே இல்லை.

இப்போது லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலிருந்து, தொடங்குகிறேன். பாடசாலையைச் சுற்றியுள்ள தோட்டங்கள் தெரியும் செய்மதிப் படம் ஒன்றை நகரத்தில் வர்ணத்தில் அச்செடுத்து வந்து, மேசைகளை ஒன்றுசேர்த்து விரித்துவிடுவேன். அதில் பெயர் எதுவும் இருக்காது. "உங்கள் லயத்தைக் கண்டுபிடியுங்கள்" என்பதுதான் பாடம். தொழிற்சாலையின் தகரக் கூரையைப் பிடித்துக்கொண்டு, பாதையின் வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணி, கோயிலைத் தாண்டி விரலை நகர்த்துவார்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட அன்று சண்டை போடுவார்கள்.

ஆசிரியர்கள் இதைக் கட்டணமின்றியே செய்யலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் 2015 முதல் படம் எடுத்துவருகின்றன. ஒரே இடத்துக்கு ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒருமுறை திரும்பிவருகின்றன. கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற தளத்தில் திகதியைத் தெரிவுசெய்தால் படம் வந்துவிடும். ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தவர்கள் மே முதல் செப்டம்பர் வரையான படங்களில் நேரத்தை வீணாக்க வேண்டாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் முகில்தான் தெரியும். ஜனவரி முதல் மார்ச் வரை தேடுங்கள்.

அடுத்த வாரம் அதே இடத்தின் இன்னொரு படத்தை விரிப்பேன். அதில் தேயிலை மலை முழுவதும் சிவப்பு. "ஏன் சேர், தேயிலை கருகிவிட்டதா?" என்று கேட்பார்கள். நலமான இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. அந்த ஒளிக்கு இந்தப் படத்தில் சிவப்பு நிறம் கொடுத்திருக்கிறார்கள். இலை செழித்த இடம் கடுஞ்சிவப்பு, வெறும் மண் சாம்பல் நீலம், நீர்த்தேக்கம் கறுப்பு.

ஒருமுறை சிவப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய துண்டு தெரிந்தது. "காட்டை அழித்துவிட்டார்கள்" என்று பையன்கள் கொதித்துப்போனார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அது ஏழாம் நம்பர் மலை சேர். கவ்வாத்து வெட்டியிருக்கிறார்கள். அம்மா இப்போது அங்கே கொழுந்துக்குப் போவதில்லை." மீண்டும் துளிர்ப்பதற்காகத் தேயிலைச் செடிகளை வெட்டிக் குறைப்பதுதான் கவ்வாத்து. சில மாதங்கள் கழித்து எடுத்த படத்தில் அந்தத் துண்டில் இளஞ்சிவப்பு படரத் தொடங்கியிருந்தது. சூழல் தினத்துக்கு வரைகிற பத்துச் சுவரொட்டிகளைவிட அந்த மாணவியின் பதில் எனக்குப் பெரிது. செய்மதி பார்த்ததை ஆள் போய்ச் சரிபார்ப்பதுதான் இந்தத் துறையின் உயிர்நாடி. நம் பிள்ளைகளுக்கு அந்த மலைகள் நம்பர் வாரியாகத் தெரியும்.

மவுசாகலை நீர்த்தேக்கத்தையும் காட்டுவேன். வரட்சியில் நீர் இறங்கி, பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் எச்சங்கள் வெளிப்படும் காலத்துப் படத்தையும் மழைக்குப் பிந்திய படத்தையும் பக்கத்தில் வைத்தால் கரை எவ்வளவு நகர்கிறது என்று அளந்துவிடுவார்கள்.

கடினமான வகுப்பு மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்தின் லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் 1972 முதல் தொடரும் அமெரிக்காவின் லேண்ட்சாட் செய்மதிப் படத் தொகுப்பில் கிடைக்கின்றன. வகுப்பில் உறவை இழந்தவர் உண்டா என்று விசாரிக்காமல் இதைக் காட்டக் கூடாது. நான் காட்டும் நாளில் வேறு எதையும் நடத்துவதில்லை.

ஏனென்றால் அன்று ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். சென்டினல்-2 படத்தின் ஒரு புள்ளி, தரையில் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர். ஒரு லயமே சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். சரிந்த மலையை அது காட்டும்; சரியப்போகிற மலையின் வெடிப்பைக் காட்டாது. நிலத்திலும் சுவரிலும் புதிதாக ஓடும் வெடிப்பு, சாயத் தொடங்கும் மரம், இல்லாத இடத்தில் திடீரென்று கிளம்பும் ஊற்று, தெளிந்து வந்த ஊற்றில் கலங்கல் நீர் ஆகியவற்றை அங்கே வாழ்பவர்தான் பார்க்க முடியும். அப்படி ஏதாவது கண்டால் விலகி நிற்க வேண்டும், பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். இதைப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதவைக்கிறேன்.

ஒரு மழைக்காலத்துக்கு முன்பு, தன் லயத்துக்குப் பின்னால் சிவப்புப் பேனையால் சிறு கோடு ஒன்று போட்டு அந்தத் தாளை ஒரு மாணவன் என்னிடம் தந்தான். படத்தில் அங்கே பச்சை மட்டும்தான் இருந்தது. பின்னேரம் அவனுடைய அப்பாவோடு போய்ப் பார்த்தேன். மானாப் புல்லுக்குள் என் கை நுழையும் அகலத்தில் நிலம் பிளந்திருந்தது. கிராம உத்தியோகத்தரிடம் அந்தத் தாளையே கொடுத்தோம். இடம் எது என்று அவர் எங்களிடம் கேட்கவில்லை.