வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரைப் பார்த்து உடுத்துங்கள்

நியூஜெர்சியில் அவசர சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். ஏப்ரல் பிறந்தால் ராரிட்டன் விரிகுடாவுக்கு ஸ்ட்ரைப்பர் வந்துவிடும். உடம்பு நெடுகக் கறுப்புக் கோடு ஓடும் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். முட்டையிட ஹட்சன் ஆற்றில் ஏறப்போகும் பெரிய பெண் மீன்கள்கூட, மென்ஹேடன் என்ற இரை மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு கரையோரம் வரும். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் போட்டுப் போகும் ஒடுக்கமான சிறு படகான கயாக்கே போதும். நம் ஆட்களும் இப்போது ஆசையாகப் போகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒருவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அன்று வெளியே 20 டிகிரி, இதமான வெயில். தண்ணீரோ 8 டிகிரி. டீ சர்ட்டும் ஜீன்ஸுமாகப் போயிருக்கிறார். மாட்டிய மீனைத் தூக்கப் பக்கவாட்டில் சாய்ந்ததும் கயாக் கவிழ்ந்துவிட்டது. அருகில் இருந்த படகுக்காரர்கள் இழுத்துப் போட்டதால் பிழைத்தார்.

“ஊர்க் கிணத்துல மேலேர்ந்து குதிச்சு நீந்தினவன் டாக்டர் நான். அன்னைக்கு நாலு கை போட முடியல” என்றார். லைஃப் ஜாக்கெட் இல்லையா என்று கேட்டேன். இருந்ததாம், சீட்டுக்குப் பின்னால் கட்டி வைத்திருந்தாராம்.

மார்கழி விடியலில் முதல் சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்ததும் நம்மை அறியாமல் மூச்சை இழுப்போமே, அதுதான் இங்கே ஆளைக் கொல்கிறது. தலை நீருக்குள் இருக்கும்போது அந்த இழுப்பு வந்தால் உள்ளே போவது காற்றல்ல, தண்ணீர். கூடவே மூச்சிரைக்கும், இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும். உடல் விறைத்துச் சாவதற்கு நேரமாகும். மூழ்கிச் சாவதற்கு அவ்வளவு நேரம் வேண்டாம். குளிர்நீரில் உடல் படும் பாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மனிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார்: மூச்சிரைப்பைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். ஆனால் அந்த 1 மணி நேரம் லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பவருக்குத்தான் கிடைக்கும்.

விரல் மரத்த பிறகு ஜாக்கெட்டின் பக்கிளை மாட்டவே முடியாது. ஆகவே கரையிலேயே போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். சிறிய படகுகளில் குளிர்காலத்தில் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது நியூயார்க்கில் நவம்பர் 1 முதல் மே 1 வரை சட்டம். மாசசூசெட்ஸில் கயாக்குக்குச் செப்டம்பர் 15 முதல் மே 15 வரை. உள்ளே தண்ணீர் புகாத டிரை சூட் உடையின் விலை அதிகம்தான். இருந்தாலும் புதுத் தூண்டில் வாங்கும் முன் அதை வாங்குங்கள் என்பேன். போனையும் விசிலையும் உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள், கயாக்கோடு அல்ல. அப்புறம், கவிழ்ந்த கயாக்கில் திரும்ப ஏறுவதைக் கோடையில், ஆழமில்லாத இடத்தில் பழகுங்கள். கால்களை உதைத்து, வயிறு படக் குறுக்கே விழுந்து, பிறகு திரும்பி உட்கார வேண்டும். முதல் தடவை யாருக்கும் எளிதில் வராது.

நீரிலிருந்து யாரையாவது தூக்கினால் படுத்தபடியே வைத்திருங்கள். நடக்க விடாதீர்கள், கரையேறிய பிறகு சுருண்டு விழுந்து இறந்தவர்களும் உண்டு. ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்த போர்வையால் தலையோடு சுற்றுங்கள். கைகாலைத் தேய்க்க வேண்டாம், மது கொடுக்க வேண்டாம். 911-ஐ அழையுங்கள். அசைவில்லை என்பதற்காக நீங்களாகவே கைவிட்டுவிடாதீர்கள்.