ஸ்ப்ரெட்ஷீட் – விரிதாள்

கட்டம் கட்டமாகப் பிரித்த பரப்பில் தரவை இட்டு, கணக்கிடவும் ஒப்பிடவும் வழிசெய்யும் மென்பொருள் ஸ்ப்ரெட்ஷீட். எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரெஆஃபிஸ் கால்க் எல்லாம் இந்த வகைதான். தமிழில் இதற்கு வழங்கும் சொல் விரிதாள்.

ஆங்கிலச் சொல் கணினிக்கு முந்தியது. இதழ்களில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் பரவிக் கிடக்கும் செய்தியை ஸ்ப்ரெட் என்பார்கள். கணக்கர்களும் பேரேட்டின் இரு பக்கங்களையும் சேர்த்துக் கோடு போட்டு, செலவு வகைகளைக் குறுக்கிலும் ரசீதுகளை நெடுக்கிலும் எழுதினார்கள். அந்த அகன்ற தாளின் பெயர்தான் பின்னால் மென்பொருளுக்கு வந்தது. தாளில் ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த தொகைகளையெல்லாம் அழித்து எழுத வேண்டும். ஹார்வர்டில் மேலாண்மை படித்த டான் பிரிக்லின், கரும்பலகையில் ஆசிரியர் அப்படி அழித்தெழுதுவதைப் பார்த்துத்தான் இதைக் கணினிக்குக் கொண்டுவர நினைத்தார். பாப் ஃபிராங்க்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. எக்செல் வந்தது 1985இல், முதலில் மேக்கின்டாஷுக்கு.

விரிதாள் ஒரு வினைத்தொகை. விரிந்த தாள், விரிகின்ற தாள், விரியும் தாள் என முக்காலத்துக்கும் பொருந்தும். எண்ணைச் சேர்க்கச் சேர்க்க நீண்டுகொண்டே போகும் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடைக்காது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘விரித்தாள்’ என்று எழுதக்கூடாது; எழுதினால் ஒரு பெண் எதையோ விரித்த கதையாகிவிடும். தாள் என்பதற்கு அடி, பயிரின் தண்டு, முயற்சி என்பன பழம்பொருள்கள். காகித ஏடு என்பது பிற்காலத்தது. ‘மின்விரிதாள்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். இன்று கணினிக்கு வெளியே விரிதாள் என்று யாரும் சொல்லாததால் அந்த ‘மின்’ தேவையில்லை என்பது என் கருத்து.

சொல்லின் முழுப்பொருள் பிடிபடுவது ஒரு மாணவர் செயல்திட்டத்தில்தான். வகுப்புத் தோழர்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று கேட்டுத் தொகுப்பதாக வைத்துக்கொள்வோம். பதில்கள் 7, 8, 6. நான்காமவர் பதில் தரவில்லை. அவர் கட்டத்தை வெறுமையாக விட்டால் சராசரி 7. அங்கே 0 என்று இட்டால் 5.25 ஆகிவிடும். பதில் இல்லாததும் பூச்சியமும் ஒன்றல்ல என்பதைப் புள்ளியியல் பாடத்தைவிட இந்த ஒரு கட்டம் நன்றாகப் புரியவைக்கும். இன்னொருவர் ‘7 மணி’ என்று தட்டச்சு செய்தால் விரிதாள் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு சராசரியில் சேர்க்காமல் விட்டுவிடும், எச்சரிக்கையும் தராது. அடையாளம் ஒன்று உண்டு: தனியாக ஒழுங்கமைக்காதவரை எண்கள் கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம். கணக்குக்கு முன்னால் நெடுக்கு வரிசையை ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்த்தாலே பாதிப் பிழைகள் தெரிந்துவிடும்.

அடுத்து விழுக்காடு, அதாவது ஒவ்வோர் எண்ணும் மொத்தத்தில் எவ்வளவு என்ற கணக்கு. மொத்தம் பி12 கட்டத்தில் இருக்கிறது; பி என்பது நெடுக்கு வரிசை, 12 என்பது குறுக்கு வரிசை, இரண்டும் சேர்ந்ததே கட்டத்தின் முகவரி. பி2ஐ பி12ஆல் வகுக்கும் சூத்திரத்தைக் கீழே இழுத்தால் அடுத்த கட்டத்தில் அது பி3, பி13 என்று தானே நகரும். பி13 வெறுமை; வகுக்கும்போது விரிதாள் வெறுமையைப் பூச்சியமாக எடுத்துக்கொள்வதால் பூச்சியத்தால் வகுத்த பிழை வரும். மொத்தத்தின் முகவரியில் எழுத்துக்கு முன்னும் எண்ணுக்கு முன்னும் டாலர் குறி இட்டுவிட்டால் அது அசையாது. நகரும் முகவரிக்கும் நிலைத்த முகவரிக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கற்றவர் விரிதாளில் பாதியைக் கற்றவர்.

உடன்வரும் சொற்கள்: குறுக்கு வரிசை நிரை, நெடுக்கு வரிசை நிரல். கணிதப் பாடத்தில் அணிகளுக்கு வழங்கும் அதே சொற்கள் இங்கும் பொருந்தும். தனிக்கட்டத்துக்குச் சிற்றறை என்பது உண்டு. பேச்சில் கட்டம் என்றாலே போதும்.