மறுசரிவு: சொல் விளக்கம்

‘பண்டைய நிலச்சரிவுகள் நீர்த்தேக்கங்களால் மீண்டும் செயல்படுத்தப்படுகின்றன.’ அணைகளைப் பற்றித் தமிழில் வரும் காணொளிகளிலும் கட்டுரைகளிலும் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. திட்டத்தைச் செயல்படுத்தலாம், சிம் கார்டைச் செயல்படுத்தலாம். மலைச்சரிவை யார் செயல்படுத்துகிறார்கள்?

ஆங்கிலத்தில் இதை ‘ரீஆக்டிவேஷன்’ என்கிறார்கள். ‘செய், இயக்கு’ என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். நின்றுபோன ஒன்று மறுபடி அசையத் தொடங்கியது என்பதுதான் இங்கே அதன் பொருள். தமிழில் ‘சரி’ என்ற வினை இருக்கிறது; அதிலிருந்து வந்தது சரிவு. வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

முதல் கோளாறு ‘பண்டைய’. அதைக் கேட்டால் என்றோ நடந்து முடிந்த கதை என்று தோன்றும். இங்கே பேச்சு அதுவல்ல. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழுக்கி இறங்கிய மலைப்பக்கம் பாதி வழியில் நின்று, இன்றும் அப்படியே கிடக்கிறது. மேலே மரம் வளர்ந்திருக்கும், ஊர்கூட இருக்கும். இதற்குப் ‘பழஞ்சரிவு’ என்பதே பொருத்தம். செட்டிநாட்டில் வட்டிக்கடைப் பேரேடு பார்த்தவர்களுக்குத் தெரியும், பழங்கணக்கு என்றால் முடிந்த கணக்கு இல்லை, நிலுவையில் நிற்கும் கணக்கு.

‘செயல்படுத்தல்’ பிடிக்காத சிலர் ‘மறுஉயிர்ப்பு’ என்கிறார்கள். தூய தமிழ்தான், மறுக்கவில்லை. தமிழறிஞர் வ.சுப. மாணிக்கனார் பிறந்த மேலைச்சிவபுரி எங்கள் பக்கத்து ஊர். தூய தமிழ் எங்களுக்கு அந்நியம் இல்லை. ஆனால் தூய்மை மட்டும் போதாது, பொருளும் சரியாக இருக்கவேண்டும். உயிர்ப்பு என்பது எரிமலைக்குச் சொன்னது. எரிமலைக்கு உள்ளே குழம்பு இருக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, சொல் பொருந்துகிறது. பழஞ்சரிவுக்குள் அப்படிப் புதிதாக எந்தச் சக்தியும் பிறப்பதில்லை. அதைக் கீழே இழுக்கும் புவியீர்ப்பு என்றைக்கும் இருந்ததுதான். மாறுவது பிடிமானம்.

முன்பு வழுக்கிய தளத்தில் களிமண் உராய்ந்து உராய்ந்து வழவழப்பாகிவிட்டது. பழைய பிடி அங்கே முழுதாகத் திரும்புவதில்லை. அணையில் தண்ணீர் ஏறும்போது சரிவின் அடிப்பகுதி நனைகிறது. மண்துளைகளில் நீரழுத்தம் கூடி, துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பது குறைகிறது. முட்டுக்கொடுத்த அடிமண்ணே மிதப்பினால் கனம் இழக்கிறது. தண்ணீரை வேகமாக இறக்கினால் இன்னொரு ஆபத்து: வெளியே தாங்கிநின்ற நீர் போய்விடும், உள்ளே ஊறிய நீர் உடனே வடியாது. சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் ஆண்டுதோறும் நீர்மட்டம் 145 மீட்டருக்கும் 175 மீட்டருக்கும் இடையே ஏறி இறங்குகிறது. கரையோரப் பழஞ்சரிவுகளை அங்கே ஓயாமல் கண்காணிப்பது இதனால்தான்.

இத்தாலியின் வயோந்த் அணையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. டோக் மலைப்பக்கம் பழஞ்சரிவு என்பதை எதுவார்தோ செமென்சா என்ற புவியியலாளர் அணையில் நீர் நிறையும் முன்பே கண்டு சொன்னார். அணையை வடிவமைத்தவர் அவருடைய தந்தை. 1963 அக்டோபர் 9 இரவு, நீர்மட்டத்தை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், சுமார் 27 கோடி கன மீட்டர் பாறையும் மண்ணும் தேக்கத்துக்குள் பாய்ந்தது. அணை நின்றது, அதைத் தாண்டி எழுந்த அலையில் ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். இதைப் போய் ‘உயிர்ப்பு’ என்று எழுத எப்படி மனம் வருகிறது?

எங்கள் சீமையில் பெரிய அணை கிடையாது, ஊருணியும் கண்மாயும்தான். தூர்வாருவதற்காக மோட்டார் வைத்து அவசரமாகத் தண்ணீரை இறைத்தால், கல் கட்டாத கரை பொதபொதவென்று சரியும். முன்பு சரிந்த இடமே என்றால் ‘அந்தக் கரை மறுபடியும் சரிஞ்சிருச்சு’ என்பார்கள். வேண்டிய சொல் அதிலேயே இருக்கிறது: மறுசரிவு. மறுநடவு, மறுபதிப்பு போல. ‘மீள்சரிவு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். பங்குச்சந்தைச் செய்தியில் ‘சரிவிலிருந்து மீண்டது’ என்று தினமும் படிக்கும் வாசகருக்கு அது நேர் எதிராகத் தொனிக்கும். அப்புறம், சரிவு என்றால் சாய்தளம் என்றும் பொருள் உண்டே என்பார்கள். சாய்தளம் மறுபடி நடக்காது. ‘மறு’ வந்ததுமே நிகழ்ச்சி என்று தெளிந்துவிடும்.

இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் வினையைக் கண்டாலே ஓடுகிறார்கள். சரிந்தது என்று எழுதாமல் ‘சரிவு ஏற்பட்டது’ என்கிறார்கள், பிறகு அந்தச் சரிவையும் ‘செயல்படுத்தப்பட்டது’ ஆக்குகிறார்கள். மறுசரிவு என்ற பெயர்கூடத் தலைப்புக்கும் அட்டவணைக்கும்தான் தேவை. வாக்கியத்துக்குள் ‘அணைநீர் ஏறி இறங்குவதால் பழஞ்சரிவுகள் மறுபடி சரிகின்றன’ என்று எழுதலாம்.