அயற்படுத்தல்: பிரெக்டின் ஒரு சொல்லுக்குத் தமிழ்

நாடகம் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் 'அந்நியமாதல்' என்ற சொல்லைக் காண்பவர்கள், பார்வையாளரை நாடகத்திலிருந்து விலக்கி, உணர்ச்சியற்றவராக உட்காரவைக்கும் உத்தி அது என்று பொருள் கொண்டுவிடுகிறார்கள். பிழை அவர்களுடையது அன்று, சொல்லுடையது.

ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் (1898–1956) ஆண்ட மூலச்சொல் 'ஃபெர்ஃப்ரெம்டுங்'. இதன் அடியான 'ஃப்ரெம்ட்' என்பது அறிமுகமற்றதை, பிறருக்கு உரியதைக் குறிக்கும். 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கின் நடிப்பைக் கண்டபின் எழுதிய கட்டுரையில், பழகியதை அறிமுகமற்றதாகக் காட்டும் இக்கருத்தைப் பிரெக்ட் விரித்துரைத்தார். தொழிலாளி தன் உழைப்பின் பயனிலிருந்து பிரிக்கப்படுவதற்கு மார்க்ஸ் ஆண்ட 'எண்ட்ஃப்ரெம்டுங்' வேறு சொல். ஆங்கிலத்தில் இரண்டும் 'ஏலியனேஷன்' என்றாகி, அவ்வழியே தமிழிலும் இரண்டும் 'அந்நியமாதல்' ஆனதால், நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டது.

பிரெக்ட் சொன்னது என்ன என்பதை இராமநாதபுரம் கடற்கரையில் நின்று விளக்குவது எளிது. கரையில் நாள்தோறும் நடக்கும் மீன் ஏலம் எவரையும் வியக்கவைப்பதில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகுக்காரர் பிடித்த மீனை அவரிடமே கொடுக்க வேண்டியிருப்பதும் கடலலையைப் போல இயல்பாகத் தோன்றும். இதே ஏலத்தை மேடையில் நடிப்பவர், விலை கேட்கும் நொடியில் சட்டென நிறுத்தி, "இந்த விலையை யார் வைத்தது?" என்று சபையைப் பார்த்துக் கேட்டால், பழகிய காட்சி புதியதாகி, மனிதர் செய்த ஏற்பாட்டை மனிதர் மாற்றவும் கூடும் என்ற எண்ணம் எழும். அந்நியமாவது ஏலம், பார்ப்பவர் அல்லர்.

இப்பகுதியின் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்தவர்கள், இதில் புதுமை என்ன என்று கேட்கலாம். (நடிகர்களைத் தனித்தனியே 'ஸ்பெஷலாக' அமர்த்துவதால் வந்த பெயர் அது.) சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' தொடங்குமுன் பபூன் சபையோரிடம் நேரே பேசுகிறார், ஆர்மோனியக்காரரை வம்புக்கிழுக்கிறார், ஊர்க்கதையைக் கலக்கிறார். ஆனால் உத்தி ஒத்திருப்பதால் நோக்கமும் ஒன்றென்று கொள்வது அவசரம். பபூன் சபையைத் தம்மோடு சேர்த்துக்கொள்கிறார். பழகியதைக் கேள்விக்கு உட்படுத்துவது அவருக்கு எப்போதாவது நேர்வதே தவிர, கடமையன்று.

பார்வையாளர் உணர்ச்சியில் மூழ்கி ஆராய மறப்பதைத் தடுப்பதும் பிரெக்டுக்கு எளிதாக இருக்கவில்லை. போரில் வணிகம் செய்து தன் மூன்று பிள்ளைகளையும் இழக்கும் தாயைப் பற்றிய அவருடைய நாடகம் 1941இல் சூரிச்சில் அரங்கேறியபோது, துயருற்ற தாயின் நெஞ்சுறுதியே பேசப்பட்டது. அவளது வணிக ஆசையைக் கூர்மையாகக் காட்ட 1949ஆம் ஆண்டு பெர்லின் அரங்கேற்றத்துக்காகச் சில காட்சிகளை அவர் திருத்தினார். அங்கும் மக்கள் அழுதார்கள். அழுகையும் ஆராய்தலும் ஒரே இருக்கையில் அமரக்கூடியவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே 'அயற்படுத்தல்' என்பதை நான் பரிந்துரைக்கிறேன். 'ஆதல்' தானே நிகழ்வது. 'படுத்தல்' ஒருவர் கருதிச் செய்வது. 'அந்நியம்' தொலைவை மட்டும் உணர்த்த, 'அயல்' இரண்டையும் தாங்குகிறது: அயலார் என்றால் வேற்றார், அயல்வீடு என்றால் அடுத்த வீடு. பக்கத்தில் இருந்தும் நமதல்லாததாகத் தெரிவதே பிரெக்ட் வேண்டிய நிலை. 'நடிகர் ஏலத்தை அயற்படுத்திக் காட்டினார்' என்று எழுதலாம். 'பார்வையாளரை அயற்படுத்தினார்' என்று எழுதினால் பழைய பிழை புதுச் சொல்லிலும் குடியேறிவிடும்.