ஃபிளாக்: கொடி இல்லை, பீரங்கி

இரண்டாம் உலகப்போர் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் தமிழ் சப்டைட்டிலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். குண்டுவீச்சு விமானத்தில் போய்வந்த ஒரு பெரியவர் பழைய கதை சொல்கிறார், கீழே "எங்களைச் சுற்றி எங்கும் கொடிகள்" என்று ஓடுகிறது. இருபத்தைந்தாயிரம் அடி உயரத்தில் ஏது கொடி? அவர் சொன்னது ஃபிளாக். மொழிபெயர்த்தவரை ரொம்பவும் திட்ட முடியவில்லை, ஏனென்றால் கொடிக்கான ஆங்கிலச் சொல்லையும் இந்தச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், நம் ககரம் அந்த வித்தியாசத்தைக் காட்டாது. ஆனால் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

இந்த ஃபிளாக் ஜெர்மன்காரர்களுடையது, அதுவும் முழுச்சொல் இல்லை, சுருக்கம். ஃப்ளீகர், அப்வேர், கனோன என்று மூன்று சொற்களை ஒட்டவைத்து ஒரே நீளச் சொல்லாக எழுதுவார்கள் (முதல் சொல்லை ஃப்ளூக் என்றும் விரிப்பதுண்டு, சுருக்கம் மாறாது). ஃப்ளீகர் என்றால் பறப்பவர், விமானி. அப்வேர் தடுப்பு. கனோன பீரங்கி. மூன்றின் தலையையும் கிள்ளி எடுத்தால் ஃபிளாக். ஆகக் கடைசியில் வருகிற அந்த 'க்'குக்கு உள்ளேயே பீரங்கி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபிளாக் கன்' என்று எழுதுகிறார்களே, அது நம்ம 'நடு சென்டர்' கணக்குத்தான்.

ஆங்கிலேயரிடம் சொந்தமாகச் சொல் இல்லாமல் இல்லை. 'ஆன்டி ஏர்கிராஃப்ட்' என்பதன் முதலெழுத்துகள் இரண்டையும் அந்தக் காலத்து சிக்னல் படையினர் 'ஆக் ஆக்' என்று உச்சரித்தார்கள், அதுவே பீரங்கிக்குப் பெயராகிவிட்டது. ஆனால் ஜெர்மனிக்கு மேலே பறந்து அடி வாங்கியவர்கள் அடித்தவனுடைய சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி எடுத்தபோதுதான் பொருள் நகர்ந்தது. தரையில் நிற்கிறவனுக்கு ஃபிளாக் என்பது கண்முன்னே இருக்கும் பீரங்கி. ஏழெட்டுக் கிலோமீட்டர் மேலே இருக்கிற விமானிக்குப் பீரங்கி தெரியாது, தெரிவதெல்லாம் சுற்றிலும் திடீர் திடீரென்று பூக்கிற கரும்புகைதான். ஜெர்மனியின் 88 மில்லிமீட்டர் பீரங்கி ஏறத்தாழ 9 கிலோ எடையுள்ள குண்டை மேலே அனுப்பும், அதன் மூக்கில் கடிகாரம் போல ஒரு பொறி, சுடுவதற்கு முன்பே இத்தனை நொடியில் வெடி என்று அதை முடுக்கிவைப்பார்கள். குண்டு விமானத்தில் மோதவேண்டும் என்றே இல்லை, பக்கத்தில் வெடித்தால் போதும், உடைந்த இரும்புச் சில்லுகள் அலுமினியத் தகட்டைப் பொத்தல் போட்டுவிடும். அந்தப் புகைக்கும் சில்லுக்கும் சேர்த்து விமானிகள் வைத்த பெயர் ஃபிளாக். யாழ் கேட்டு மகிழ்ந்தாள் என்று பள்ளியில் படித்தோமே, கருவியாகுபெயர், அதேதான். யாழின் பெயர் இசைக்குப் போன மாதிரி பீரங்கியின் பெயர் அது வெடித்த சில்லுக்குப் போய்விட்டது.

இந்த ஃபிளாக் என்ன செய்யும் என்பதற்கு ஒரு புகைப்படம் உண்டு. 1945 ஏப்ரல் 8, ஜெர்மனியின் ஷ்டெண்டால் நகருக்கு மேலே, இடது இறக்கை ஒடிந்து தீப்பற்றிச் சரிகிற ஓர் அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானம். ஐரோப்பாவில் போர் முடிய சரியாக ஒரு மாதம்தான் பாக்கி. அது எந்த விமானம் என்று இன்றைக்கும் சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிறதென்றால் அதன் உடம்பில் எழுதியிருந்ததால்தான். வால் துடுப்பில் முக்கோணத்துக்குள் ஆங்கில 'ஏ' எழுத்து, அது இங்கிலாந்தின் பாசிங்போர்ன் தளத்தில் இருந்த 91ஆவது குண்டுவீச்சுப் பிரிவின் அடையாளம். பக்கவாட்டில் 'எல் ஜி' என்று இரண்டெழுத்து, அந்தப் பிரிவுக்குள் 322ஆவது படையணி. தனியாக ஒரு 'டபிள்யூ', படையணிக்குள் இந்த ஒரு விமானம். வாலில் 231333 என்ற எண்ணும் உண்டு. முழு எண் 42-31333, 42 என்பது 1942ஆம் வருடத்துக் கொள்முதல் ஒதுக்கீடு, வாலில் எழுதும்போது முதல் 4ஐ விட்டுவிடுவார்கள். இதற்கெல்லாம் மேலே படையினர் செல்லமாக வைத்த பெயர், 'வீ வில்லி'. நூற்றுக்கணக்கான விமானங்கள் ஒரே நேரத்தில் கிளம்பி மேகத்துக்கு மேலே தன் கூட்டத்தைத் தேடிச் சேரவேண்டியிருந்த நாட்களில் அந்த வால் அடையாளம் இல்லாமல் எவனும் எவனோடும் சேர்ந்திருக்க முடியாது.

திரும்பி வந்தவற்றில் பொத்தல்களை எண்ணி, தகடு வைத்து ரிவெட் அடித்து, மறுபடி அனுப்பினார்கள். இந்த இடத்தில் ஆபிரகாம் வால்டு ஞாபகம் வராமல் இருக்காது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் ஆராய்ச்சிக் குழுவில் இருந்தவர். திரும்பி வந்த விமானத்தில் பொத்தல் எங்கே இல்லையோ அங்கே அடிபட்டதெல்லாம் திரும்பி வரவில்லை என்று அர்த்தம், ஆகவே கவனம் அங்கேதான் வேண்டும் என்கிற யோசனை அவருடையதாகச் சொல்லப்படுவது. (இணையத்தில் சுற்றுகிற, சிவப்புப் புள்ளி போட்ட விமானப் படம் அவர் வரைந்ததில்லை, ரொம்பப் பிற்காலத்தில் விளக்கத்துக்காக யாரோ போட்டது.) அந்த வால்டு 1950 டிசம்பரில் இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவு ஆற்ற வந்த இடத்தில், நம் நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில், மனைவியோடு இறந்துபோனார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒரே சொல்லால் சமாளிக்கப் பார்த்தால் மாட்டிக்கொள்வோம். பீரங்கி என்ற பொருளில் வந்தால் பத்திரிகைகள் எழுதும் 'விமான எதிர்ப்புப் பீரங்கி' எல்லாருக்கும் புரியும். எனக்கு 'வான்தடுப்புப் பீரங்கி' பிடிக்கும், அப்வேர் என்பதும் தடுப்புதானே, சொல்லும் கொஞ்சம் இறுகி நிற்கிறது. சில்லு என்ற பொருளில் வந்தால் புதிதாக எதையும் உருவாக்கவேண்டாம், ஈழத்தமிழில் 'எறிகணைச் சிதறல்' ஏற்கனவே இருக்கிறது, பேச்சில் 'செல் பீஸ்' என்பார்கள். அகராதிக் குழு உட்கார்ந்து செய்த சொல் இல்லை, உடம்பில் வாங்கியவர்கள் புழங்கிய சொல். அந்தப் பெரியவரின் வரியை நான் எழுதியிருந்தால் "எங்களைச் சுற்றி எங்கும் குண்டு வெடித்துச் சில்லு பறந்தது" என்று போட்டிருப்பேன், பெயர்ச்சொல்லே தேவைப்படவில்லை பாருங்கள்.

மூன்றாவது பொருள் போருக்குப் பிறகு ஒட்டியது. ஓர் அமைச்சர் ஏதோ பேசி 'ஃபிளாக்' வாங்கினார் என்று ஆங்கிலப் பத்திரிகை எழுதும், அங்கே பீரங்கியும் இல்லை சில்லும் இல்லை, கண்டனம்தான். 'வாங்கிக் கட்டிக்கொண்டார்' என்று எழுதினால் தீர்ந்தது.

அப்புறம் 'ஃபிளாக் ஜாக்கெட்'. இதைக் கண்ணை மூடிக்கொண்டு 'குண்டு துளைக்காத சட்டை' என்று எழுதுகிறார்கள், தப்பு. அமெரிக்க எட்டாவது விமானப்படையின் மருத்துவத் தலைவராக இருந்த மால்கம் குரோ, காயங்களில் பெரும்பாலானவை வேகம் குறைந்த சில்லுகளால் வருகின்றன என்று பார்த்து, மாங்கனீசு எஃகுத் தகடுகளைத் துணிக்குள் தைத்துச் செய்யவைத்த உடுப்பு அது. முதலில் செய்துகொடுத்தது வாள் செய்கிற வில்கின்சன் நிறுவனம். 'சில்லுக்காப்பு அங்கி' என்றால் பொருந்தும். அதைப் போட்டுக்கொண்டு ரைஃபிள் முன்னால் போய் நின்றால் குண்டு துளைத்துவிடும்.