சொல் விளக்கம்: தடுப்பூசித் தயக்கம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தடுப்பூசி முகாமில் அந்தப் படிவத்தைப் பார்த்தேன். 'தடுப்பூசி எதிர்ப்பாளர்' என்று ஒரு கட்டம். அதில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரின் பெயர். அவரோ ஊசி அட்டையும் கையுமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தார். முதல் தவணை போட்ட இரவு முழுக்கக் குழந்தை காய்ச்சலில் அழுதிருக்கிறது. மறுநாள் கூலி போயிற்று. போதாக்குறைக்கு, ஊசியே ஆகாது என்று கைபேசிக்கு வந்த ஒரு குரல்பதிவு. "நர்ஸம்மா, அடுத்த புதன்கிழமை போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டார். அவர் செய்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் இந்தத் தயக்கத்தை 'வாக்சின் ஹெசிடன்சி' என்கிறார்கள். 'வாக்சின்' லத்தீனில் பசுவைக் குறிக்கும் 'வாக்கா'விலிருந்து வந்தது. 1796இல் ஆங்கில மருத்துவர் ஜென்னர் பெரியம்மையைத் தடுக்க மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்துக் குத்தியதன் நினைவு. 'ஹெசிடன்சி'யின் லத்தீன் வேருக்கு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்பது என்று பொருள். தடுப்பூசி கிடைத்தும் அதை ஏற்கத் தாமதிப்பது அல்லது மறுப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு இதற்கு வரையறை தந்தது. 2019இல் உலக நலத்துக்கான பத்து அச்சுறுத்தல்களில் ஒன்றாக அந்நிறுவனம் இதைச் சேர்த்தது.

வரையறையிலேயே மறுப்பு இருக்கிறதே, 'தடுப்பூசி மறுப்பு' என்றால் என்ன குற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. தாமதமும் அதே வரையறையில்தான் இருக்கிறது, அதுவும் முதலில். மறுப்பு என்பது எடுத்து முடித்த முடிவு. அடுத்த புதன்கிழமை என்று கேட்பவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. 'ஐயம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு ஐயம் பாதி என்றால் போன கூலி மீதி. அக்கறைக் குறைவு, நம்பிக்கைக் குறைவு, வசதிக் குறைவு என மூன்றையும் அந்த வல்லுநர் குழு காரணமாகச் சொல்கிறது. ஐயம் நடுவில் இருப்பதை மட்டுமே தொடும்.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'எதிர்ப்பு' பொறுக்க முடியாத மொழிபெயர்ப்பு. தமிழில் எதிர்ப்பு என்றதும் கொடியும் கோஷமும் நினைவுக்கு வருகின்றன. அதைவிட மோசம், 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்று நல்ல பொருளில் ஊரெல்லாம் பழகிய சொல் அது. ஒரே துண்டறிக்கையில் மேலே 'நோய் எதிர்ப்பு வளரும்', கீழே 'தடுப்பூசி எதிர்ப்பு ஆபத்தானது'. தடுப்பூசியால் வரும் எதிர்ப்பாற்றலே ஆபத்து என்று ஒரு தாய் படித்துக்கொண்டால் குற்றம் யாருடையது? மொழிபெயர்த்தவர் தாம் எழுதியதை ஒருமுறையாவது வாய்விட்டுப் படித்திருக்க வேண்டாமா?

தயக்கம் பழைய சொல்லிலிருந்து வந்தது. சங்கப் பாடல்களில் 'தயங்கு திரை' என்றால் அசையும் அலை. இப்படியும் அப்படியும் ஆடுகிற மனத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எந்தச் சொல் கிடைக்கும்? 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திகளால் தமிழ்நாட்டில் பெற்றோர் பலர் பின்வாங்கினார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதற்குமுன் போலியோ சொட்டு மருந்துக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்தாம். குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. வெறிநாய்க்கடி மருந்தும், மூன்று நோய்களைத் தடுக்கும் முத்தடுப்பு ஊசியும் செய்த இடம். அதன் வாசலைத் தாண்டி பஸ்ஸில் போய்வரும் மலைமக்களை ஊசிக்கு எதிரிகள் என்று எழுத எப்படிக் கை வருகிறது?

'முத்தடுப்பு' என்று எவ்வளவு அழகாகச் சொல் படைத்தோம்! இப்போது 'ஊசி செலுத்தப்பட்டது' என்கிறார்கள். வரி செலுத்துவோம், வண்டி செலுத்துவோம், ஊசி போடுவோம்.

முகாமில் நர்ஸம்மா அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஐந்து நோய்களுக்கான அந்த ஊசியில் கக்குவான் இருமலுக்கான பகுதிதான் பெரும்பாலும் காய்ச்சலைத் தருகிறது, ஓரிரு நாளில் தணிந்துவிடும், மருந்து தந்தனுப்புகிறேன் என்று விளக்கினார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். குழந்தையின் தொடையைத் தாயே பிடித்துக்கொண்டார், ஊசி போட்டாயிற்று. படிவத்தில் அந்தப் பெயர் மட்டும் அதே கட்டத்தில் இருந்தது.